இம்மட்டும்

எங்கள் ஊர் வீட்டின் முன்வாசல் நிலைக்கு மேலே ஒரு பளிங்குக் கல் உண்டு. 1986-ல் அப்பா வீடு கட்டியபோது பதித்தது. மேலே ‘எபெனேசர்’ என்று பெரிய எழுத்து, அதன் கீழே ‘இம்மட்டும் கர்த்தர் உதவிசெய்தார்’ என்று சிறிய எழுத்து. நாசரேத், சாயர்புரம், மெஞ்ஞானபுரம் என்று எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களில் எந்தத் தெருவில் நடந்தாலும் இப்படி நாலு வீட்டையாவது பார்க்கலாம். அந்தக் கல்லின் கீழாகத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன், மணப்பெண்ணாய்ப் படியிறங்கினேன், அப்பாவின் பெட்டி வெளியே போவதையும் பார்த்தேன். ஆனாலும் ‘இம்மட்டும்’ என்ற சொல்லை ஒரு நாளும் நின்று வாசித்ததில்லை.

2023 டிசம்பர் 22-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை மதியம், வாசித்தேன். கல்லுக்கு ஒரு முழம் கீழே, சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, நூல் பிடித்துப் போட்டதுபோல ஒரு சேற்றுக் கோடு. தண்ணீர் இம்மட்டும் வந்திருக்கிறது.

அந்த மழையைப் பற்றி எங்கள் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. எங்கள் பக்கத்தில் ஒரு வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் அவ்வளவு பெய்யாது. தாமிரபரணி கரைகொள்ளாமல் போனது, குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன, ஏரல் பாலம் துண்டிக்கப்பட்டது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட, பக்கத்துப் புதுக்குடி ஊர் மக்கள் தங்கள் கோயிலில் உலை வைத்துச் சமைத்து அவர்களுக்குச் சாப்பாடு போட்டார்கள். தங்கள் ஊரைச் சுற்றியே தண்ணீர் நிற்கும்போது செய்தார்கள். அந்தப் பெருந்தன்மையை நினைக்கும்போதெல்லாம் நான் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்.

நான் மதுரையில் இருக்கிறேன். அம்மா ஊரில் தனியாக இருந்தார். அப்போது அவருக்கு 71 வயது. திங்கட்கிழமை காலையோடு போன் அணைந்துவிட்டது. பக்கத்து வீட்டு எண்ணும் போகவில்லை, எங்கள் சபை உபதேசியார் எண்ணும் போகவில்லை. மூன்று நாள் நான் ஜெபித்த ஜெபத்தை ஜெபம் என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. ‘அம்மா, அம்மா’ என்று மட்டும்தான் வாயில் வந்தது. புதன்கிழமை இரவு யாரோ ஒருவருடைய போனிலிருந்து அரை நிமிடம் அம்மா பேசினார். “நல்லா இருக்கிறேன், நீ சாப்பிட்டாயா” என்றார். அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து, “ஸ்தோத்திரம் ஆண்டவரே, என் அம்மாவைக் காப்பாற்றினீரே” என்று அழுதேன்.

அந்த ஸ்தோத்திரத்தை, அந்த நன்றியை, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் திரும்பி வர வேண்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை போன பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. மீதித் தூரம் கொஞ்சம் டிராக்டரிலும் கொஞ்சம் நடந்தும் போய்ச் சேர்ந்தேன். வழியெங்கும் வாழைத்தோட்டங்கள் தலைசாய்ந்து கிடந்தன. பொங்கலுக்கு வெட்ட வேண்டிய தார்கள். ஊருக்குள் எல்லா வீட்டு வாசலிலும் மெத்தையும் பீரோவும் பள்ளிப் புத்தகங்களும் ஒரே நிறத்தில் கிடந்தன, சேற்றின் நிறத்தில். அம்மா ஒரு தென்னந்துடைப்பத்தால் நடுவீட்டுச் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா வாளியால் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் வீடு இல்லை. ஓடு போட்ட மண்சுவர் வீடு. ஞாயிறு இரவே சுவர் ஊறி, விடிவதற்குள் உட்கார்ந்துவிட்டது. கட்டிக்கிடந்த இரண்டு ஆடுகளை அவிழ்த்துவிட ஓடியிருக்கிறார். இருட்டில், இடுப்புத் தண்ணீரில், கயிற்று முடிச்சு பிடிபடவில்லை. அதற்குமேல் அதைப் பற்றி அவர் எவரிடமும் பேசியதில்லை.

இரண்டு இரவுகள் எங்கள் மொட்டை மாடியில் எட்டுப் பேர் இருந்திருக்கிறார்கள், ஒரு தார்ப்பாய்க்குக் கீழே. மாடிக்கு ஏறும்போது அம்மா எடுத்துக்கொண்டது இரண்டே பொருள்கள். ஒன்று, பைபிள். மற்றது, முந்தின நாள்தான் கிறிஸ்துமஸுக்கென்று சுட்டு வைத்திருந்த முறுக்கு டின். ஒரு வேளைக்கு ஆளுக்கு இரண்டு முறுக்கு. ஒவ்வொரு தடவையும் டின்னைத் திறப்பதற்கு முன் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறார்கள். “கீழே வீட்டுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதா?” என்று கேட்டேன். “பின்னே, ஸ்தோத்திரம் சொல்லாமல் எப்படி வாயில் வைக்கிறது?” என்றார். நான் கேட்டதே அவருக்கு விளங்கவில்லை.

அம்மாவிடம் இன்னொரு பழக்கம் உண்டு. எங்கள் சபைகளில் அதைப் பிடியரிசி என்போம். உலைக்கு அரிசி அளந்தவுடன், அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவிட வேண்டும். மாதக் கடைசியில் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோனால், எல்லார் வீட்டு அரிசியையும் சேர்த்து விற்று ஊழியத்துக்கு அனுப்புவார்கள். (எங்கள் பக்கத்தில் நாங்களும் கோயில் என்றுதான் சொல்வோம்.) அம்மாவுக்கு ஒரு சின்னப் பித்தளைத் தூக்கு இருந்தது. அளந்த அரிசியில் கையை விடுவார், எடுத்த பிடியை ஒரு நொடி அப்படியே வைத்திருப்பார், உதடு அசையும், பிறகு தூக்குக்குள் விரலைத் திறப்பார். அரிசி பித்தளையில் விழும் சத்தம், தூக்கு காலியாயிருந்தால் ஒரு மாதிரி, நிறைந்திருந்தால் வேறு மாதிரி. மாதத்தில் எத்தனையாவது நாள் என்று அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். அப்பா வேலையில்லாமல் இருந்த ஒன்றரை வருஷத்திலும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. பிடி மட்டும் சின்னதாகியிருக்கலாம், நான் கவனித்ததில்லை.

வெள்ளத்தில் ஃபிரிட்ஜும் கட்டிலும் தையல் மெஷினும் போனதைப் பற்றி அம்மா பெரிதாகச் சொல்லவில்லை. அந்த மாதத்துப் பிடியரிசி மூடி கழன்று, சேற்றுத் தண்ணீர் புகுந்து, புளித்துக் கிடந்ததைக் காட்டும்போதுதான் குரல் உடைந்தது. “இது நம்முடையது இல்லையே” என்றார்.

அன்று சாயங்காலம் ஒரு நிவாரண லாரி வந்தது. யார் அனுப்பியது என்று கேட்க முடியவில்லை, அவ்வளவு கூட்டம். எங்களுக்கு ஐந்து கிலோ பையில் அரிசி, கொஞ்சம் பருப்பு, ஒரு பாக்கெட் மெழுகுவர்த்தி கிடைத்தன. மாடியிலே மூன்று கல் கூட்டி, ஈர விறகோடு மல்லாடி, உலை வைத்தேன். அம்மா பையைப் பிரித்து ஒரு டம்ளரால் அரிசி அளந்தார். அளந்ததிலிருந்து ஒரு பிடி எடுத்தார்.

எனக்குக் கோபம் வந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், நல்ல கோபம். “அம்மா, இது நிவாரண அரிசி. அடுத்த லாரி எப்போது வருமோ தெரியாது. நமக்கே கொடுத்திருக்கிறார்கள், இதிலுமா?”

“கொடுத்ததிலிருந்துதானே எடுக்கிறேன்” என்றார் அம்மா. “நான் எப்போது என்னுடையதிலிருந்து எடுத்தேன்?”

கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பித்தளைத் தூக்கை எடுத்து உள்ளே போட்டார். காலித் தூக்கில் விழும் சத்தம்.

ஜெர்மனியில் ஐலன்பர்க் என்ற ஊரில் மார்ட்டின் ரிங்கார்ட் என்று ஒரு போதகர் இருந்தார். முப்பதாண்டுப் போர்க்காலம். மதில் சூழ்ந்த ஊர் என்பதால் அகதிகள் வந்து நெருங்கிக்கொள்ள, 1637-ல் கொள்ளைநோய் புகுந்தது. ஏறத்தாழ 4,500 பேரை அவர் அடக்கம் செய்தார், சில நாள்களில் நாற்பது ஐம்பது பேர்வீதம். அவர்களில் ஒருவர் அவருடைய மனைவி. அவர் எழுதிய நன்றிப் பாட்டை இன்றைக்கும் உலகமெங்கும் பாடுகிறார்கள். பிணங்களுக்கு நடுவே நின்று அவர் அதை எழுதினார் என்றே பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பாட்டின் பிறப்பு அப்படிப்பட்டதல்ல. அது முதலில் ஒரு மேசை ஜெபம். சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகளோடு சொல்வதற்காக எழுதியது. எனக்கு இந்த உண்மைதான் அந்தக் கதையைவிடப் பெரிதாகப் படுகிறது. சாவு வந்தபின் தேடி எடுத்த நன்றியாக அது இருக்கவில்லை. சோறு இருந்த நாளில், தட்டு கழுவுமுன் சொல்லிப் பழகிய நன்றி. மாடியில் முறுக்கு டின்னுக்கு முன்னால் அம்மா கண்ணை மூடியதும் அதே வகைதான். ஐம்பது வருஷம் உலையடியில் பழகிய கை, வெள்ளத்திலும் தானாகவே அரிசிக்குள் போகிறது.

அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் மின்சாரம் இல்லை. பெஞ்சுகளைக் கழுவி வெயிலில் போட்டிருந்ததால் எல்லோரும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தோம். புதுத்துணி எவரிடமும் இல்லை. கீத பவனி இல்லை, நட்சத்திரம் கட்டவில்லை, பட்டாசுச் சத்தம் இல்லை. ஆனால் திருவிருந்து இருந்தது. ஐயர் (எங்கள் போதகரை அப்படித்தான் சொல்வோம்) அப்பத்தைக் கையில் எடுத்து, ஞானஸ்நானம் பெற்ற நாள்முதல் என் காதில் விழுந்துகொண்டிருக்கும் அந்த வார்த்தைகளைச் சொன்னார். தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரியிலே அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம்பண்ணி, அதைப் பிட்டு.

காட்டிக்கொடுக்கப்பட்ட இரவு. விடிந்தால் சிலுவை என்று தெரிந்த ஒருவர் கையில் அப்பத்தை வைத்துக்கொண்டு நன்றி சொல்கிறார். அதே இரவில், ஒலிவமலைக்குப் போய், தரையில் முகங்குப்புற விழுந்து, இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்றும் கெஞ்சுகிறார். இரண்டும் ஒரே வாய். நன்றி சொன்னவர் கெஞ்சக் கூடாது என்றோ, கெஞ்சியவரின் நன்றி பொய் என்றோ அங்கே எவரும் சொல்லவில்லை. சேறு வாடை போகாத அந்தக் கோயிலில் இருந்தபோது, இத்தனை வருஷம் இந்த வார்த்தைகளைக் காதால் மட்டும்தான் கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது.

ஆறு நாள் கழித்து, டிசம்பர் 31 இரவு, வருடக் கடைசி ஆராதனை. எங்கள் சபையில் அன்று சாட்சி சொல்ல நேரம் கொடுப்பார்கள். எழுந்தவர்களில் ஒருவர், நல்ல மனிதர், வெள்ளத்தில் தன் வண்டியில் எத்தனையோ பேரை ஏற்றி இறக்கியவர், சொன்னார்: “நாங்கள் குடும்பமாக முழங்காலில் நின்று ஜெபித்தோம். தண்ணீர் எங்கள் வாசற்படிவரை வந்தது. அதற்குமேல் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. எங்கள் தேவன் ஜெபத்தைக் கேட்கிற தேவன்.” சபை முழுவதும் “அல்லேலூயா” என்றது.

எனக்கு இரண்டு பாய் முன்னால் அக்கா உட்கார்ந்திருந்தார். யாரோ கொடுத்த புடவை கட்டியிருந்தார். அந்தப் புடவையின் முந்தானை ஓரத்தைச் சின்னச் சின்னதாக மடித்துக்கொண்டே இருந்தார். மடித்து, பிரித்து, மறுபடி மடித்து. அக்காவும் ஜெபித்தவர்தான். அந்த இருட்டில், கயிற்று முடிச்சோடு போராடும்போது, அவரைவிட உரக்க எவர் ஜெபித்திருக்க முடியும்?

அந்த மனிதர்மேல் வந்த கோபம் வீடு வருவதற்குள் என்மேலேயே திரும்பிவிட்டது. புதன்கிழமை இரவு என் சமையலறையில் நான் சொன்ன ஸ்தோத்திரம் என்ன? என் அம்மாவைக் காப்பாற்றினீரே. அதே இரவில் அம்மாவை இழந்த மகள்களும் மகன்களும் எங்கள் மாவட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் முன்னால் என் ஸ்தோத்திரத்தை வாய்விட்டுச் சொல்லியிருக்க முடியுமா?

சுவிசேஷத்தில் இயேசு தள்ளிவிட்ட ஒரு ஜெபம் இருக்கிறது. அது வேண்டுதல் இல்லை, முறையீடு இல்லை. அது ஒரு நன்றி ஜெபம். தேவாலயத்தில் நின்ற பரிசேயன், வேதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்கிறவன், மற்ற மனுஷரைப்போலவும் வரி வசூலிக்கிற இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன் என்றான். இதைப் பெருமைக்கு எதிரான உவமையாகத்தான் ஞாயிறு பள்ளியில் படித்தேன். அன்று இரவு அதில் வேறொன்று தெரிந்தது. பக்கத்தில் இருப்பவரை அளவுகோலாக வைத்து எழும்புகிற நன்றி அது. தண்ணீர் என் படியில் நின்றதற்காக நான் சொல்லும் ஸ்தோத்திரம், அது பக்கத்து வீட்டுக்குள் போனதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. அப்படிச் சொல்ல நினைப்பதில்லை. ஆனாலும் கேட்கிறவர் காதில் அப்படித்தான் விழுகிறது.

அப்படியானால் தப்பியவர்கள் நன்றி சொல்லக் கூடாதா? சொல்ல வேண்டும். சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. ஆனால் எதை வைத்துச் சொல்வது?

‘எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்’ என்று அப்போஸ்தலன் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். எல்லாவற்றிலேயும் என்றுதான் இருக்கிறது, எல்லாவற்றிற்காகவும் என்று இல்லை என இதற்கு விளக்கம் சொல்வார்கள். எனக்கும் அது ஆறுதலாக இருந்தது, எபேசியர் நிருபத்தைப் புரட்டும்வரை. அங்கே ‘எல்லாவற்றிற்காகவும்’ என்றே இருக்கிறது. அந்த வசனத்தை நான் தள்ளவில்லை. அக்காவின் ஆடுகளுக்கு எதிரே அதை வாசிக்கும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

ஜனவரியில், மதுரைக்குத் திரும்பியபின், வீட்டு வாசற்கல்லின் வசனத்தைத் தேடி 1 சாமுவேல் புத்தகத்தை எடுத்தேன். ஏழாம் அதிகாரம். இஸ்ரவேலர் தங்கள் எதிரிகளான பெலிஸ்தரை முறியடித்தபின் தீர்க்கதரிசி சாமுவேல் ஒரு கல்லை எடுத்து மிஸ்பாவுக்கும் சேணுக்கும் நடுவே நிறுத்தி, இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார் என்று சொல்லி, அதற்கு எபெனேசர் என்று பேரிட்டான். வெற்றிக் கல். வீட்டு வாசலுக்குப் பொருத்தமான கல். ஆனால் தொடர்ச்சி பிடிப்பதற்காகப் பின்னோக்கி வாசித்துக்கொண்டே போனபோது நாலாம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் நின்றுவிட்டேன். அங்கேயும் அதே பெயர்! இஸ்ரவேலர் எபெனேசருக்குச் சமீபத்தில் பாளயமிறங்கினார்கள். அந்த யுத்தத்தில் அவர்கள் ஜெயிக்கவில்லை. முதலில் நாலாயிரம் பேர் விழுந்தார்கள், பிறகு முப்பதாயிரம் பேர். கடவுள் தங்களோடு இருப்பதற்கு அடையாளமான உடன்படிக்கைப் பெட்டி பறிபோனது. ஆசாரியன் ஏலியின் இரண்டு மகன்களும் செத்தார்கள். செய்தி கேட்டு 98 வயதுக் கிழவர் ஏலி மல்லாக்க விழுந்து பிடரி முறிந்து போனார். அவருடைய மருமகள் பிரசவ வேதனையில் பிள்ளைக்கு இக்கபோத் என்று பேர் வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். மகிமை போய்விட்டது என்று அர்த்தம்.

அந்தப் பெயர் இருபது வருஷமாக அந்த ஜனங்கள் காதில் எப்படி ஒலித்திருக்கும்! எபெனேசர் என்றாலே மகனை இழந்த இடம், பெட்டி போன இடம். சாமுவேலுக்கு வேறு பெயரா கிடைக்கவில்லை? ஜெயித்த நாளில், நன்றிக் கல்லுக்கு, தோற்ற இடத்தின் பெயரையே எடுத்து வைக்கிறான். அப்படியென்றால் ‘இம்மட்டும்’ என்பது அந்த ஒரு நாளை மட்டும் அளக்கவில்லை. முப்பதாயிரம் பேர் விழுந்த நாளும் அந்த அளவுக்குள்தான் இருக்கிறது. தோல்வியைக் கழித்துவிட்டுக் கணக்குப் பார்த்திருந்தால் அந்தப் பெயரை அவன் வைத்திருக்க மாட்டான்.

இதை நான் அம்மாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அப்பா அதை யோசித்துத்தான் வைத்தாரோ என்னவோ” என்றார். அப்பா வீட்டு வேலை தொடங்கிய வருஷத்தில்தான் என் தம்பி ஆறு மாதக் குழந்தையாய் இறந்தான். அது எனக்குத் தெரியும். கல்லோடு அதைச் சேர்த்துப் பார்த்ததில்லை.

அரசு கொடுத்த 6,000 ரூபாயோடு அம்மாவின் சிறு சேமிப்பும் சேர்ந்து, அடுத்த கோடையில் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். முன்சுவரைச் சுரண்டும்போது, நிலைக்குப் பக்கத்தில் ஒரு சாண் அளவுக்கு அந்தச் சேற்றுக் கோட்டை அப்படியே விட்டுவிடும்படி அம்மா சொல்லிவிட்டார். பெயிண்டர் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். அம்மாவுக்கு அந்தச் சின்ன இடத்தில் ஈரத்துணிகூடப் படக் கூடாது.

அக்காவின் வீடு எழும்ப நாளாயிற்று. சபையும் சொந்தக்காரர்களும் கொடுத்ததை வைத்து ஒரே ஓர் அறை, கான்கிரீட் தளம் போட்டு. பிரதிஷ்டைக்கு ஐயர் வந்து ஜெபித்தார். வாசலுக்கு மேலே என்ன வசனம் போடலாம் என்று கொத்தனார் கேட்டதற்கு, “இப்போதைக்குச் சும்மா இருக்கட்டும்” என்றிருக்கிறார் அக்கா. எவரும் வற்புறுத்தவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

2024 டிசம்பர் 31 இரவு, மறுபடி வருடக் கடைசி ஆராதனை. இந்தத் தடவை விளக்குகள் இருந்தன, பெஞ்சுகள் இருந்தன. ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களை முன்கூட்டியே கொடுத்திருந்தார்கள். பெயர், காணிக்கைக்கான காரணம், தொகை என்று மூன்று வரி அச்சடித்த கவர். அம்மா தன்னுடையதில் காரணம் என்ற இடத்தில் ‘ஒரு வருஷம்’ என்று எழுதியிருந்தார். அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தன் கவரை நீட்டினார். அவருக்கு எழுத வராது. உள்ளே நாலாக மடித்த நோட்டு தட்டுப்பட்டது. பெயரை எழுதினேன். பேனாவை அடுத்த வரியில் வைத்து, “காரணம் என்ன எழுதட்டும் அக்கா?” என்று கேட்டேன்.

கவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முந்தானை ஓரத்தை விரலால் நீவினார்.

“அதில் ஒன்றும் எழுத வேண்டாம்” என்றார். “பெயர் இருந்தால் போதும். அவருக்குத் தெரியும்.”

அந்த வரியை வெறுமையாகவே விட்டு, கவரை ஒட்டி அவர் கையில் கொடுத்தேன்.